ஈஸ்ட் செய்த பன்றித் தலை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு காரியம் நடந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பேனர்தான். பேனர் கட்டியாகிவிட்டால் நடந்துவிட்டது. கட்டாவிட்டால், அது கண்ணெதிரே நடந்திருந்தாலும் வதந்தி. தாய்லாந்தின் ராட்சபுரியில் கால்நடை மருத்துவப் புலத்தின் விளம்பர அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நடக்காத பல காரியங்களை நானே நடத்தி வைத்திருக்கிறேன்.

அந்த வகையில் என் கைவண்ணங்களிலேயே பெரியது பன்றி பேனர். மூன்று மீட்டர் உயரம். அதில் இரண்டே கால் மீட்டர் எங்கள் புலத் தலைவர் ஆஜான் வீரயுத்தின் தலை. பேராசிரியர்களை நாங்கள் ஆஜான் என்போம். சிலரைச் சொல்லும்போது தானாகவே குரல் தாழும், வீரயுத்தைச் சொல்லும்போது அவரே நம் குரலைத் தாழ்த்துவார். பேனரின் கீழ் மூலையில் ஒரு பன்றிக்குட்டியும் இருந்தது. அவருடைய டை முடிச்சைவிடச் சற்றுச் சிறியது. நடுவில் என் வாசகம்: "மகத்தான வெற்றி! ஈஸ்ட் காக்கும் பன்றி, பன்றி காக்கும் நாடு." பன்றி எப்படி நாட்டைக் காக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனரைக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

ஒரே ஒருத்திதான் கேட்டாள், அதுவும் வேறு கேள்வி. "எது வெற்றி, பீ சக்? இருபத்தெட்டாம் நாள் முடிவுதான் வந்திருக்கு. ஐம்பத்தாறு வரைக்கும் போகணும்."

அவள் புட்சரா. ஈஸ்டை வைத்துப் பன்றிப் புரதம் செய்கிறவள். நான் வயதில் மூத்தவன் என்பதால் பெயருக்கு முன்னால் பீ சேர்த்து மரியாதையாகத்தான் அழைப்பாள். கேள்வியில்தான் மரியாதை இருக்காது.

அவளுடைய வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காது நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறிப் பன்றிகள் சாகும் காய்ச்சல் ஒன்று இருக்கிறது. அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. தடுப்பூசி என்பது திருடனின் போட்டோவைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. பன்றி உடம்பின் காவல்காரர்கள் போட்டோவை மரியாதையாக வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மறுபடி தூங்கப் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் மேலதிகாரி போனில் கூப்பிட்டு "என்னய்யா செய்யறீங்க அங்க" என்று ஒரு சத்தம் போட்டால் கதையே வேறு. உடம்புக்குள் அந்தச் சத்தம் போடுவது ஒரு புரதம். அதைப் பன்றியிலிருந்தே எடுப்பதென்றால் ஒரு கரண்டிக்கு ஒரு பண்ணையையே பிழிய வேண்டியிருக்கும். அதனால் பன்றியின் செய்முறையை ஈஸ்டுக்குள் திணித்து, ஈஸ்டைத் தொட்டியில் வளர்த்து, அதன் கையால் பன்றிப் புரதத்தைச் செய்ய வைக்கிறார்கள். பன்றியையே பார்த்திராத ஈஸ்ட்.

இதற்கு அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. முதல் இரண்டு வருஷம் ஈஸ்ட் ஈஸ்டாகவே இருந்தது. மூன்றாம் வருஷம் தொட்டியில் யாரும் அழைக்காத பூஞ்சை குடியேறியது. நான்காம் வருஷம் புரதம் வந்தது, ஆனால் சுருள வேண்டிய இடத்தில் சுருளாமல். ஐந்தாம் வருஷம் ஒழுங்காக வந்தபோது ஆஜான் வீரயுத் பொறுமை இழந்திருந்தார். உணவுத் துறைக்காரர்கள் அன்னாசிப் பழ பீர் செய்ய அதே தொட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பீர் என்றால் திறப்பு விழா வைக்கலாம், விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்கலாம். பன்றிப் புரதத்தை யாருக்கு ஊற்றிக் கொடுப்பது? ஆகவே கடைசியாக ஒரே ஒரு பரிசோதனை என்று முடிவாயிற்று. பலித்தால் தொட்டி அவளுக்கு. பலிக்காவிட்டால் தொட்டி பீருக்கு, அவளுடைய ஒப்பந்தம் குப்பைக்கு.

பரிசோதனை லுங் தவினின் பண்ணையில் நடந்தது. லுங் என்றால் பெரியப்பா முறை. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா, மீதிப் பேருக்குப் பன்றி விற்றவர். இருபது குட்டிகள். பத்துக்கு வெறும் தடுப்பூசி, பத்துக்கு ஈஸ்ட் புரதம் கலந்த தடுப்பூசி. புரதம் வாங்கிய பத்தில் ஒன்று, மூன்றாம் நாள் தீவன வாளியின் சத்தம் கேட்டுச் சுவரைத் தாண்டிக் காலை உடைத்துக்கொண்டது. இன்னொன்றுக்குக் குடல் இறங்கியது. மிச்சம் எட்டு. பரிசோதனைத் திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது: ஐம்பத்தாறாம் நாள் ரத்தம் எடுக்கும்போது ஒரு குழுவில் எட்டுக்குக் குறைந்தால் முடிவு செல்லாது.

எட்டு இருந்தது. எட்டேதான் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் எடுத்த ரத்தம் அருமையாக வந்தது. புரதம் வாங்கிய எட்டும், வாங்காத பத்தைவிடப் பல மடங்கு விழித்துக்கொண்டிருந்தன. புட்சரா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஜானிடம் போனது, "பாதி வழி வந்துட்டோம், தொட்டியைத் தொடாதீங்க" என்று சொல்லத்தான். அவர் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். பாதி வெற்றியும் வெற்றிதானே என்றார். மீதிப் பாதி வரும்போது இன்னொரு பேனர் கட்டிக்கொள்ளலாமாம்.

பேனர் திறப்பில் நாற்பது நிமிஷம் பேசினார். அறிவியல் எந்தச் சன்னிதியிலும் கைகூப்பி நிற்காது என்றார். கிராமத்து மக்கள் இன்னும் நேர்த்திக்கடன், பரிகாரம் என்று அலைவது தனக்கு வேதனை தருகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஈஸ்ட் செய்யும் பன்றிப் புரதத்துக்கும் பன்றியே செய்யும் புரதத்துக்கும் இம்மியும் வித்தியாசமில்லை, இயற்கையே ஏமாந்துவிடும்" என்றார். கடைசி வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது. கைதட்டல் அதற்குத்தான் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லுங் தவின் எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில், கிணறு தோண்டும் விளம்பரத்துக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் ஆஜானின் படம் வந்தது. அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்.

மறுநாள் காலை நுவான் போன் செய்தாள். ஆய்வுக்கூடத்து உதவியாளர், தினமும் பன்றிகளுக்கு வெப்பநிலை பார்க்கப் பண்ணைக்குப் போகிறவள். லுங் தவின் ஏழாம் நம்பரைத் தனிக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார், குளிப்பாட்டியும் விட்டார், இப்போது கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

என் ஸ்கூட்டரின் பின்னால் புட்சராவை ஏற்றிக்கொண்டு போனேன். லுங் மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர், எட்டிலேயே கொழுத்தது, சோப்பு வாசனையுடன் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"வாங்க டாக்டரம்மா. நல்லதே நடந்திருச்சு. ஞாயித்துக்கிழமை தாத்தாவுக்குத் தலை வைக்கணும்."

விஷயம் இதுதான். மேக்லோங் ஆற்றங்கரையில் உள்ள சீனக் கோயிலின் கிழச் சாமியை எல்லாரும் தாத்தா என்றுதான் சொல்வோம். ஏதாவது வேண்டிக்கொண்டால் பலித்ததும் அவித்த பன்றித் தலை வைக்க வேண்டும். லுங் தவின் முதல் ஊசி போட்ட அன்றே போய் வேண்டிக்கொண்டிருக்கிறார்: ஊசி பலித்தால், கடையில் வாங்கிய தலை அல்ல, புது ஊசி போட்ட பன்றிகளிலேயே கொழுத்ததன் தலை. பலித்த செய்தி காதில் விழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே.

"லுங், இன்னும் பலிக்கலை. பாதிதான் ஆயிருக்கு. இன்னும் நாலு வாரம் இருக்கு" என்றாள் புட்சரா.

"மூணு மீட்டர்ல போட்டிருக்கே, மகத்தான வெற்றின்னு."

"அது பேனர்."

"அப்போ ஆஜான் பொய் சொல்றாருங்கிறீங்களா?"

புட்சரா என்னைப் பார்த்தாள். நான் பன்றியைப் பார்த்தேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். ஒன்று குறைந்தால் ஏழு. ஏழு என்றால் ஆறு வருஷமும் வீண். பன்றி அவருடையதுதான், வெட்ட அவருக்கு உரிமை உண்டு, ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன் என்றாள். கடையில் நல்ல தலையாக ஒன்பது வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னாள். லுங் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. சொன்ன வார்த்தையை மாற்றுவதுதான் அவருக்குப் பயம். பத்து வருஷத்துக்கு முன்னால் லாட்டரிக்காகப் பெரிய தலை வேண்டிக்கொண்டு, பரிசு விழுந்ததும் சின்னத் தலையாக வைத்திருக்கிறார். அந்த மழைக்காலத்தில்தான் காது நீலமாகி நூற்றி இருபது பன்றிகள் போயின.

"தாத்தாகிட்ட ஒன்னு சொல்லி வேற ஒன்னு வைக்கக்கூடாது, டாக்டரம்மா. நீங்க வேணும்னா அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க. அவர் விட்டா நானும் விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கத்தி உறைக்குள்ள இருக்கும்."

திரும்பியதும் புட்சரா ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். நேரே ஆஜானின் அறைக்குப் போய், பேனரை இறக்கச் சொன்னாள். வெற்றி இன்னும் வரவில்லை என்று ஒரு வரி அறிவித்தால் போதும், லுங் காத்திருப்பார் என்றாள். ஆஜானின் முகம் போன போக்கு, பேனரை அல்ல, அவருடைய தலையையே இறக்கச் சொன்ன மாதிரி இருந்தது. துணைவேந்தர் பார்த்துவிட்டார், பத்திரிகையில் வந்துவிட்டது, வந்த வெற்றியைத் திருப்பி அனுப்புவது அறிவியல் வரலாற்றிலேயே இல்லை என்றார். ஒரு பன்றியைக்கூடக் காப்பாற்றத் தெரியாவிட்டால் அந்தத் தொட்டியில் அன்னாசியாவது புளிக்கட்டுமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நுவானின் அக்கா சந்தையில் சலாபாவ் கடை வைத்திருப்பவள். அங்கிருந்து வந்த ஆவியில் வெந்த பன்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. யாரும் தொடவில்லை. நான்தான் ஒன்றை எடுத்தேன். கவலை என் பசியை எப்போதும் பாதித்ததில்லை.

புட்சரா என் கையிலிருந்த பன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்படி உப்புது, நுவான்?"

"ஈஸ்டுதான். வேற என்ன."

"ஈஸ்ட் செய்யற பன்றிக்கும் பன்றிக்கும் இம்மியும் வித்தியாசமில்லைன்னு லுங் கைதட்டினாரே."

புட்சரா என் பன்னை வாங்கி அதில் இரண்டு காதுகளை இழுத்துவிட்டாள். பிறகு நுவான் எழுந்து அக்காவுக்குப் போன் செய்தாள், பெரிய ஆவிச்சட்டி வேண்டும் என்று.

மாவுத் தலை செய்வது நுவானின் பொறுப்பாயிற்று. தொட்டியில் இருக்கும் அதே ஈஸ்டைப் போட்டால்தான் தாத்தாவுக்கு நியாயமாக இருக்கும் என்று ஒரு கட்சி கட்டினாள். பன்றியின் செய்முறை ஏற்றிய ஈஸ்ட் ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டினால் தன்னைச் சிறையில் போடுவார்கள் என்று புட்சரா மறுத்துவிட்டாள். கடை ஈஸ்டுதான். ஆனால் நுவான் இருபது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். கண்ணளவாக எதையும் போட மாட்டாள். மில்லிகிராம் தராசில் நிறுத்தாள். நிறுத்தவள் புள்ளியை ஓரிடம் தள்ளிப் படித்துவிட்டாள். பத்து மடங்கு.

சனிக்கிழமை பிற்பகல் சந்தையில் ஆவிச்சட்டியின் மூடி தானாக எழுந்து நின்றது. கீழே பாத்திரம் கழுவும் தொட்டி அளவுக்கு ஒரு தலை. காதுகள் சரியாக இருந்தன, மூக்கும் பன்றி மூக்குதான், ஆனால் கன்னங்கள் இரண்டும் உப்பி, கண்கள் உள்ளே போய், மோவாய் மூன்றாக மடிந்து, எதற்கோ வாழ்த்துரை வழங்கப்போவது போல ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்திருந்தது.

"இந்த முகத்தை எங்கியோ பாத்திருக்கேனே" என்றாள் நுவானின் அக்கா.

நாங்கள் மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஜான் வீரயுத்தையும் அழைத்துக்கொண்டுதான் போனோம். பன்றி செத்தால் பேனர் பொய்யாகிவிடும், போட்டிப் பல்கலைக்கழகக்காரர்கள் சிரிப்பார்கள் என்று புட்சரா அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருந்தாள். கோயில்காரர்களிடம் தான் அறிவியல் முறையில் பேசுவதாக ஒப்புக்கொண்டார். காரில் ஏறும்போது, வேறு கோயிலாக இருந்தால் தேவலை என்றார். ஏன் என்று கேட்டதற்கு வெயில் என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

கோயிலை நிர்வகிப்பவள் ஜே லாய். ஜே என்றால் அக்கா. அறுபது வயது, குரலுக்கு மட்டும் இருபது. முப்பது வருஷமாக வாசலில் உட்கார்ந்து ஊதுபத்தி விற்கிறாள். யார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்பதை எங்கும் எழுதி வைப்பதில்லை, தேவையுமில்லை. லுங் தவின் முன்பே வந்து காத்திருந்தார். நானும் நுவானும் மாவுத் தலையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து இறக்கினோம்.

ஜே லாய் தலையைப் பார்த்தாள். பிறகு ஆஜானைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள்.

"இந்த மாசம் பன்னி ஊசி விஷயமா வர்ற மூணாவது கூட்டம் நீங்க" என்றாள்.

"மூணா? நான் ஒருத்தன்தானே வந்தேன்" என்றார் லுங்.

"இவரும் வந்தாரே. இதே கண்ணாடி." அவள் விரல் நீட்டிக் காட்டவில்லை, காட்டத் தேவையே இல்லாதபடி சத்தமாகச் சொன்னாள். "புது ஊசி போட்ட பன்னித் தலை ஒன்பது வைக்கிறேன், என் படம் பேப்பர்ல வரணும்னு முட்டி போட்டு வேண்டிக்கிட்டாரு. வந்திருச்சே, ஏழாம் பக்கத்துல. நானும் வருவாரு வருவாருன்னு பாத்துட்டிருக்கேன்."

ஊதுபத்தி வாங்க வந்த இரண்டு பெண்கள் வாங்காமலே நின்றுவிட்டார்கள். அறிவியல் எந்தச் சன்னிதியிலும் கைகூப்பி நிற்காது என்ற வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. உண்மைதான், முட்டி போட்டிருக்கிறது. ஆஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அது ஆய்வின் ஒரு பகுதி, மக்களின் நம்பிக்கைகளை நேரடியாகப் பரிசோதித்தேன் என்றார்.

புட்சரா அதைக் கேட்கவே இல்லை. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். லுங்குக்கு ஒன்று, ஆஜானுக்கு ஒன்பது. கொட்டிலில் எட்டு.

கோயிலில் தாத்தாவிடம் கேட்க ஒரு முறை உண்டு. பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று புடைப்பாக விழுந்தால் சரி என்கிறார். இரண்டும் புடைப்பென்றால் மாட்டேன் என்கிறார். இரண்டும் தட்டையாக விழுந்தால் சிரிக்கிறார். மறுபடி கேட்க வேண்டும்.

முதலில் லுங் கேட்டார், நாலு வாரம் தவணை கிடைக்குமா என்று. இரண்டும் புடைப்பு. லுங் பெருமூச்சு விட்டுத் தன் இடுப்பைத் தடவினார். கத்தியைக் கொண்டு வந்திருந்தார்.

அடுத்து ஆஜான் தானே முன்வந்தார். மாவுத் தலையைக் காட்டி, மூலக்கூறு அளவிலான ஒற்றுமை, உயிரினங்களுக்கிடையே செய்முறைப் பரிமாற்றம் என்றெல்லாம் தாத்தாவுக்கு ஆறு நிமிஷம் எடுத்துரைத்தார். மரத்துண்டுகளைப் போட்டார். இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாரு" என்றாள் ஜே லாய்.

மறுபடி போட்டார். மறுபடி தட்டை.

"ரொம்பச் சிரிக்கிறாரு. தள்ளுங்க, அந்தப் பொண்ணு கேக்கட்டும்."

புட்சரா இதுவரை எந்தக் கோயிலிலும் எதையும் கேட்டவள் அல்ல. முட்டி போடவா, நிற்கவா என்று தெரியாமல் குந்தி உட்கார்ந்தாள், பன்றிக்கு ரத்தம் எடுக்க உட்காருவது போல.

"தாத்தா, இது பன்னி இல்ல. மாவு. பொய் சொல்ல வரலை. பன்னி மாதிரி ஒன்னே ஒன்னு செஞ்சு குடுன்னு ஆறு வருஷமா ஈஸ்டைக் கெஞ்சிட்டிருக்கேன். இப்பதான் செஞ்சுது. பன்னியோட உடம்பு அதைப் பன்னின்னு நம்பிருச்சு. நீங்களும் இதை நம்பினீங்கன்னா அந்த எட்டும் இன்னும் நாலு வாரம் இருக்கும். அவ்வளவுதான்."

போட்டாள். ஒரு துண்டு உடனே தட்டையாகக் கிடந்தது. மற்றது சுழன்றது. அது மாவுத் தலை வைத்திருந்த தாம்பாளத்தில் முட்டி, புடைப்பு மேலாக நின்றது.

"வாங்கிக்கிட்டாரு" என்றாள் ஜே லாய், ஏதோ கடையில் சில்லறை சரியாக இருந்த மாதிரி. பிறகு ஆஜான் பக்கம் திரும்பினாள். "உங்க ஒன்பது?"

ஆஜானும் மாவுத் தலை ஒன்பது வைப்பதாகச் சொல்லிப் போட்டார். சிரிப்பு. பழத்தட்டு சேர்த்தார். சிரிப்பு. சாமிக்குப் படைக்கிற சிவப்புச் சோடா ஒரு பெட்டி என்றார், நாட்டியக்காரிகள் நான்கு பேர் என்றார். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் கூட்டம் இருபதைத் தாண்டியிருந்தது. தாத்தா எதையோ எதிர்பார்க்கிறார், மனசில் இருக்கிறதைச் சொல்லுங்கள் என்று ஜே லாய் யோசனை சொன்னாள்.

"பேனரை இறக்கறேன்னு சொல்லிப் பாருங்க" என்றார் லுங். கிண்டல் இல்லை, அவர் உதவத்தான் பார்த்தார்.

ஆஜான் அதைச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது. ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு.

ஐம்பத்தாறாம் நாள் எட்டுப் பன்றிகளிடமிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். ஏழாம் நம்பர் மட்டும் நுவானின் பூட்ஸைக் கடித்தது. முடிவு வந்தபோது, வெறும் தடுப்பூசி வாங்கிய பத்தின் காவல்காரர்கள் பழையபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். புரதம் வாங்கிய எட்டும் இன்னும் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டி புட்சராவிடமே நின்றது. ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு நீண்டது. அன்னாசிக்காரர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். பீர் அதில் நன்றாகத்தான் வருகிறதாம். ஆஜான் புது பேனர் கேட்டார். "எட்டுப் பன்றிகள், ஐம்பத்தாறு நாள், நல்ல முடிவு" என்று எழுதிக் கொடுத்தேன். இதில் என் படம் எங்கே என்றார். ஜே லாயைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். மறுபடி கேட்கவில்லை.

ஆனால் லுங் தவினுக்கு ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பரிசோதனை முடிந்து, ஊசி போட்டபின் விற்கக்கூடாத காலமும் தாண்டியபின், வியாபாரி லாரியோடு வந்தான். வெறும் தடுப்பூசி வாங்கிய பத்தையும் லுங் ஏற்றிவிட்டார், இந்த எட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார். தலைக்குப் பதில் தலையைத் தாத்தா வாங்கிக்கொண்டாரே, அப்படியென்றால் அசல் தலைகள் இப்போது யாருடையவை? தாத்தாவுடையவை. தலையை விட்டுவிட்டு மீதிப் பன்றியை எப்படி விற்பது? புட்சராவும் யோசித்துப் பார்த்தாள். வாதத்தில் ஓட்டை கிடைக்கவில்லை. ஆக எட்டும் அங்கேயே தின்று, தூங்கி, கொழுத்துக்கொண்டிருக்கின்றன. தீவன விலையைப் பற்றி லுங் தினமும் புலம்புகிறார், யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல்.

சித்திரை வெயிலில் ஒருநாள் போயிருந்தேன். கொட்டிலின் பழுதான தகரக் கூரையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் பழைய பேனரை இழுத்துக் கட்டியிருந்தார். நல்ல கெட்டி வினைல். அச்சுப் பக்கம் வெயிலில் வெளுத்துவிடும் என்று உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்ததால், கீழே மல்லாந்து கிடந்த எட்டுப் பன்றிகளையும் ஆஜான் வீரயுத் மேலிருந்து புன்னகையுடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் அவரையே பார்த்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ஆஜான் ஒன்பது தலை வேண்டிக்கிட்டாரு, இங்க எட்டுதானே இருக்குன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு" என்றார் லுங், வாளியைக் கீழே வைத்து அண்ணாந்து பார்த்தபடி. "இப்போ கணக்கு சரியாயிருச்சு."